நங்கூரக் கயிறு எத்தனை மீட்டர்?

படகு வைத்திருப்பவர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அதற்குரிய சின்னப் பதிலோடு வீடு திரும்பிய ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் ஒருவர் இருமினால் ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்களே, அப்படித்தான் இங்கேயும் நடக்கிறது. கேட்டவர் ஓர் எண்ணையோ ஒரு பெயரையோ எதிர்பார்த்து நிற்கிறார். அவருக்கு முதலில் எதிர்க்கேள்விகள் வருகின்றன, பிறகு ஒரு பழைய விபத்தின் கதை வருகிறது, பிறகு பதில் சொல்ல வந்தவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் மூள்கிறது, கடைசியில் யாராவது ஒருவர் ‘பேசாமல் படகை வித்துடு’ என்று சொல்லி முடித்து வைக்கிறார். காசிமேட்டிலும் கோவளத்துக் கரையிலும் இதைப் பலமுறை பார்த்து மனம்விட்டுச் சிரித்திருக்கிறேன். சிரித்து ஓய்ந்த பிறகு அந்தப் பதில்களைத் திரும்ப யோசித்தால், ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை சரியானவையாகவே இருக்கின்றன.

என் அக்கா மகன் தன் நண்பர்களோடு சேர்ந்து, விடுமுறை நாட்களில் தூண்டில் போடுவதற்கென்று பழைய பைபர் படகு ஒன்றை வாங்கினான். எஞ்சின் பார்த்தாயிற்று, பெயிண்ட் அடித்தாயிற்று, நங்கூரமும் கயிறும்தான் பாக்கி. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்த நாட்களில் காசிமேட்டில் எஞ்சின் பிரிப்பதும், பலகை மாற்றுவதும், வலை சீர்செய்வதுமாகப் பெரும்பாலோர் கரையிலேயே இருப்பார்கள். கடலுக்குப் போகிற அவசரம் இல்லாததால் கேட்டதற்குப் பதில் சொல்ல நேரமும் இருக்கும், மனமும் இருக்கும். அதனால் அவனை அங்கே அழைத்துக்கொண்டு போனேன். வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த கண்களை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அவன் கேட்டது இவ்வளவுதான்: “தாத்தா, நங்கூரக் கயிறு எத்தனை மீட்டர் வாங்கணும்?”

பெரியவர் தலையைத் தூக்கவில்லை. “எத்தினி பாகம் தண்ணில போடுவே?” என்றார். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. இவன் மீட்டரில் யோசித்துக்கொண்டிருந்ததால் கணக்குப் போட ஆரம்பித்தான். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது: “கீழ இன்னா? சேறா, மணலா, பாரா?” பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. அதுவும் இவனுக்குத் தெரியவில்லை. “எந்த மாசம் போவே? ராத்திரி தங்குவியா?” என்று அவர் கேட்டுக்கொண்டே போக, பக்கத்தில் எஞ்சின் பிரித்துக்கொண்டிருந்தவர் கிரீஸ் கையோடு எழுந்து வந்து, “அந்தக் கணக்கெல்லாம் வேணாம் தம்பி, ஒரு சுருணை முழுசா வாங்கிப் போட்டுக்கோ, மிச்சம் ஆனா ஆவட்டும்” என்றார். டீ குடிக்க வந்திருந்த இன்னொருவர், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், “கயிறை விடுங்க, சங்கிலி எவ்வளவுன்னு முதல்ல சொல்லுங்க” என்று ஆரம்பித்தார். அதன் பிறகு அவர்கள் மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என் அக்கா மகன் கையில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தான்.

அந்தப் பேச்சை நான் மறக்க விரும்பவில்லை, ஏனென்றால் மூவரும் சொன்னதைச் சேர்த்து எழுதினால் பாடநூலில் இருக்கும் விடை அப்படியே வருகிறது. நங்கூரம் பிடிப்பது அதன் எடையால் மட்டும் அல்ல. கயிறு அதைக் கடலடியோடு ஒட்டிப் படுக்கைவாட்டில் இழுத்தால்தான் முனை மண்ணுக்குள் புதையும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே ஆழத்தைப் போல ஐந்து மடங்கு முதல் ஏழு மடங்கு வரை கயிறு விட வேண்டும் என்பது உலகம் முழுவதும் சொல்லப்படும் கணக்கு. அந்த ஆழத்தோடு அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். ஆறு மீட்டர் தண்ணீர், தண்ணீர் மட்டத்திலிருந்து அணியம் ஒரு மீட்டர், சென்னையில் ஓதம் ஏறினால், அதாவது கடல்மட்டம் உயர்ந்தால், ஏறத்தாழ இன்னொரு மீட்டர். ஆக எட்டு மீட்டர். ஐந்து மடங்கு என்றால் 40 மீட்டர், ஏழு மடங்கு என்றால் 56 மீட்டர். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் சில மீட்டர் சங்கிலி இருந்தால் அது தன் எடையால் கடலடியில் கிடந்து, இழுப்பைத் தாழ்வாக வைத்திருக்கும். இப்போது பெரியவரின் ‘எத்தனை பாகம்’, எஞ்சின்காரரின் ‘முழுச் சுருணை’, கப்பல்காரரின் ‘சங்கிலி எவ்வளவு’ ஆகிய மூன்றையும் பாருங்கள். ஒருவர் ஆழத்தைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் குறையாமல் இருக்கட்டும் என்றார், ஒருவர் இழுப்பின் கோணத்தைக் கவனித்தார். ஒரே கணக்கின் மூன்று பகுதிகளை வைத்துக்கொண்டுதான் அவர்கள் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. பாரிமுனைப் பக்கம் கயிறு விற்கும் கடைக்குப் போய் இவன் பெருமிதத்தோடு “ஐம்பத்தாறு மீட்டர்” என்று சொன்னதும், கடைக்காரர் “எத்தனை கிலோ வேணும் தம்பி?” என்று கேட்டார். கயிறு அங்கே எடைக்கு விற்கப்படுகிறது. பிறகு நைலானா, பாலிப்ரொப்பிலீனா என்ற கேள்வி. நைலான் இழுத்தால் நீண்டு கொடுக்கும், ஆகவே அலை படகைத் தூக்கி எறியும்போது அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் விலை குறைவு, ஆனால் தண்ணீரில் மிதக்கும், மிதக்கிற கயிறு புரொப்பெல்லரைத் தேடிப் போய்ச் சுற்றிக்கொள்ளும். கடையில் சாமான் வாங்க வந்து நின்ற முன்பின் தெரியாத ஒருவர், கேட்காமலேயே, “மஞ்சக் கயிறு வாங்காதீங்க சார், எனக்கு நடுக்கடல்ல சுத்திக்கிச்சு” என்றார். நான் அவரை மிகவும் மதிக்கிறேன். தன் தலையில் ஏறிய துன்பம் இன்னொருவர் தலையில் ஏறக்கூடாது என்று கடைவாசலில் நின்றுகொண்டு அக்கறையோடு சொல்லும் மனிதர்கள் படகுத் துறையில்தான் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

இத்தனை ஆண்டுகளில் எனக்குப் பிடிபட்டது இதுதான். படகுக்காரரிடம் ஒன்றைக் கேட்டால், நீங்கள் கேட்டதற்கான பதிலை அவர் சொல்வதில்லை. தனக்கு நேர்ந்ததற்கான பதிலைச் சொல்கிறார். கயிறு போதாமல் இழுபட்டவர் நீளத்தைச் சொல்வார். பாரில் சிக்கி நங்கூரத்தையே அறுத்துவிட்டு வந்தவர், கயிற்றின் நீளம் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கம்பி வளைந்து கொடுக்கும் நங்கூரம்தான் வேண்டும் என்பார். நடுக்கடலில் எஞ்சின் நின்றவர், கேள்வி எதுவாக இருந்தாலும், “ஸ்பார்க் பிளக் ரெண்டு கூட வெச்சுக்கோ” என்று முடிப்பார். கேட்டவருக்கு இது சம்பந்தமில்லாத பேச்சாகப் படும். உண்மையில் கடல் அவருக்கு வைத்த தேர்வில் எந்தக் கேள்வி வந்ததோ அதற்கான விடையை அவர் நமக்குத் தந்துகொண்டிருக்கிறார்.

நங்கூரத்தின் வடிவத்தைப் பற்றிய சண்டைக்கு உலக அளவில் ஒரு வரலாறே இருக்கிறது. கேம்பிரிட்ஜில் திரவ இயக்கவியலில் பெரும் பெயர் பெற்ற ஜெஃப்ரி இங்க்ரம் டெய்லர், பாய்மரப் படகில் ஊர் சுற்றுவதில் பித்துக் கொண்டவர். கனமான பழைய நங்கூரத்தைத் தூக்கிப் போட்டு அலுத்து, குறைந்த எடையில் நன்றாகப் பிடிக்கும் ஏர்க்கலப்பை வடிவ நங்கூரத்தை 1933-இல் உருவாக்கினார். நீரில் இறங்கும் விமானங்களுக்கும் அது பயன்பட்டது. அதன் பிறகு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தரையிறங்கு படகுகளுக்குப் பயன்பட்ட டான்ஃபோர்த் வகை, எழுபதுகளில் வடகடல் எண்ணெய் மேடைகளிலிருந்து சிறு படகுகளுக்கு வந்த புரூஸ் வகை, இந்த நூற்றாண்டில் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் வடிவமைத்த ராக்னா என்று ஒவ்வொன்றுக்கும் உயிரைக் கொடுத்து வாதாடும் கூட்டம் இருக்கிறது. ‘எந்த நங்கூரம் நல்லது’ என்பதுதான் படகுலகில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி; கேட்டால் அன்றைய பொழுது போய்விடும். ஆனால் இந்த வடிவங்களும் ஒவ்வொரு வகையான கடலடிக்கு ஏற்பப் பிறந்தவை. டான்ஃபோர்த் மணலிலும் சேற்றிலும் அருமையாகப் பிடிக்கும், பாறையில் தடுமாறும். நம் கடற்கரைக் குப்பங்களில் வெல்டிங் பட்டறையில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்யும் கொக்கி நங்கூரம் பாருக்கென்றே வந்தது; சிக்கிக்கொண்டால் எஞ்சினைக் கொடுத்து இழுக்கும்போது கம்பி நிமிர்ந்துகொண்டு வெளியே வந்துவிடும், கரையில் அதைத் திரும்ப வளைத்துக்கொள்ளலாம். பெரியவர் முதலிலேயே கேட்டாரே, சேறா, மணலா, பாரா என்று. உலகச் சண்டை முழுவதும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து எண்ணெய். டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்னால் வெளியே மாட்டுவது) வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பத்து லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்று கேட்டார். அவருடைய எஞ்சினுக்கு ஐம்பதுக்கு ஒன்று என்பது கணக்கு; ஆகவே 200 மில்லி. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அன்று பேச்சு மாலை வரை நீண்டது. ஒருவர் 400 மில்லி என்றார். அவர் புது எஞ்சின் பழக்கும்போது இரட்டிப்பாகக் கலக்கச் சொன்ன கணக்கையே காலமெல்லாம் பிடித்துக்கொண்டவர். ஒருவர் பைக்குக்குப் போடும் டூ ஸ்ட்ரோக் ஆயிலே போதும் என்றார். இன்னொருவர் அதை ஒருபோதும் போடக்கூடாது என்றார். இந்த இடத்தில் மூன்றாமவர் சொன்னதே சரி. கடல்நீர் உறிஞ்சிக் குளிரும் எஞ்சினும் காற்றில் குளிரும் பைக் எஞ்சினும் வேறு வேறு வெப்பத்தில் ஓடுகின்றன. படகு எஞ்சினுக்கென்று டிசி-டபிள்யூ3 என்ற தர முத்திரையோடு, சாம்பல் படியாத ஆயில் தனியாகக் கிடைக்கிறது. நான்காவதாக வந்தவர், “இன்னுமா டூ ஸ்ட்ரோக் வெச்சிருக்கீங்க, ஃபோர் ஸ்ட்ரோக் மாத்துங்க சார்” என்றார். இந்த வகைப் பதில் எனக்கு உடன்பாடில்லை. கையில் இருக்கும் எஞ்சினை எப்படி ஓட்டுவது என்று கேட்பவரிடம் லட்சக்கணக்கில் செலவு வைக்கும் யோசனையைச் சொல்வது உதவி ஆகாது.

ஆனால் எல்லோரும் பேசி முடித்த பிறகு, மெக்கானிக் ஒருவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது: “பெட்ரோல் எப்போ போட்டது சார்?” கேட்டதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நண்பருக்குப் புரியவில்லை. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். கடற்கரைக் காற்றில் பாதி காலியான டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால், ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். கலந்த ஆயிலோ மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். எஞ்சின் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. அதாவது 200 மில்லியைத் துல்லியமாக அளந்து ஊற்றியும், எஞ்சினுக்குள் ஆயிலே போகாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். படகை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு, எவ்வளவு ஆயில் என்பதைவிட எவ்வளவு பழைய பெட்ரோல் என்பதே பெரிய கேள்வி. இதனால்தான் எதிர்க்கேள்வி கேட்பவர்களைக் கண்டால் நான் எரிச்சல் படுவதில்லை.

எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்லும் கேள்வியும் ஒன்று இருக்கிறது. ‘படகுக்குள் தண்ணீர் வருகிறது, என்ன செய்யலாம்’ என்று கேட்டுப் பாருங்கள். குப்பத்துப் பெரியவர் முதல் பாய்மரப் பயிற்சியாளர் வரை, “அடைப்பான் போட்டியா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். கரையேற்றும்போது தண்ணீர் வடிவதற்காகப் பின்பக்கத்தில் ஒரு துளை இருக்கும். அதை மூடாமல் இறக்கிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பது. போட்டிருக்கிறேன் என்று சொன்னாலும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள், அதுவும் நியாயமே.

கோவளத்தில் ஒருமுறை இதே பேச்சு வந்தபோது நடந்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். இரவு மழை பெய்திருந்தது. காலையில் படகின் அடியில் நான்கு விரற்கடைத் தண்ணீர். அடைப்பான் இறுக்கமாகத்தான் இருந்தது. சுற்றி நின்றவர்கள், பைபரில் வெடிப்பு இருக்கும், எஞ்சின் மாட்டிய போல்ட் வழியே கசிந்திருக்கும், ஒட்டுப்போட்ட இடம் விட்டிருக்கும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ரெசின் வாங்கக் கடைக்கு வண்டியை எடுக்கவே தயாராகிவிட்டார். வயதான மீனவர் ஒருவர் படகுக்குள் காலை வைத்து இறங்கினார், குனிந்து நடுவிரலைத் தண்ணீரில் தோய்த்தார், விரலை முகர்ந்து பார்த்து, டீசல் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு நாக்கில் வைத்தார், துப்பினார். “மழத்தண்ணி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டார். உப்புக் கரித்திருந்தால் ஓட்டையைத் தேட வேண்டும். கரிக்கவில்லை என்றால் வாளி எடுத்து இறைக்க வேண்டும். இவ்வளவு சுருக்கமான பதிலை என் வாழ்நாளில் படகுக்காரர் ஒருவரிடமிருந்து வேறெப்போதும் நான் கேட்டதில்லை. அதற்கு அவர் வாயைத் திறந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான்.

காற்றைப் பற்றிய கேள்வி இதற்கு நேர் எதிரானது. ‘நாளைக்குப் போகலாமா’ என்று கேட்டால், ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தரும் கடல்நிலை முன்னறிவிப்பைப் போனில் திறந்து ஒருவர் அலையின் உயரத்தைப் படிப்பார். இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். மூன்றாமவர் நேற்று யார் யார் போய் வந்தார்கள் என்று சொல்வார். இளைஞர் ஒருவர் ஜூன் மாதக் காலை வேளையில், கரையோரம் கண்ணாடி போலக் கிடந்த தண்ணீரைக் காட்டி, “கடல் அமைதியாத்தானே இருக்கு, அண்ணே?” என்று கேட்டார். “அதான் பயம்” என்றார் அண்ணன். கேட்டவர் முகத்தில் குழப்பம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. கச்சான் காற்று மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையருகே அலை எழுப்ப அதற்கு இடமே இருக்காது, ஆகவே தண்ணீர் படிந்து கிடக்கும். உள்ளே போகப் போக அது படகைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போகும். மதியம் கடற்காற்று எழுந்தால் திரும்பி வருவது சுலபம். கச்சான் பலமாக இருக்கும் நாட்களில் அந்தக் கடற்காற்று தாமதமாகவே எழும், சில நாட்களில் எழவே எழாது. துடுப்பையோ சிறிய எஞ்சினையோ நம்பிப் போனவர் அந்த நாளில் கரையைப் பார்த்துக்கொண்டே விலகிப் போவார். இதை முழுவதும் விளக்கிச் சொல்ல அண்ணனுக்குப் பொறுமை இல்லை. நானாக இருந்தால் விளக்கியிருப்பேன். கேட்பவர் புதியவர் என்றால், இரண்டு சொல் பதில் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் போதாது.

இந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஒரு படகுத் துறையில், பாய்மரப் படகு பழகும் இளம்பெண் ஒருத்தி, சுக்கான் ஆடுகிறது, எதனால் என்று கேட்டாள். தெளிவான கேள்வி; எந்தப் பக்கம் திருப்பும்போது ஆடுகிறது என்பதையும் அவளே சொன்னாள். அங்கிருந்தவர்கள் நான்கு விதமான பதில்களைச் சொன்னார்கள், எல்லாம் நல்ல பதில்கள், ஆனால் அத்தனை பேரும் அவளோடு சும்மா வந்திருந்த அவள் தம்பியைப் பார்த்தே சொன்னார்கள். அந்தப் பையனுக்கு நீச்சல்கூடத் தெரியாது. இதே சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021-இல் பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார், 2024-இல் பாரிஸிலும் கலந்துகொண்டார். பெண்கள் கேட்கும் கேள்விக்குப் பெண்களின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் பழக்கம் துறையில் இருப்பவர்களுக்கு இனிமேலாவது வர வேண்டும். சுக்கானைப் படகோடு இணைக்கும் ஊசிகள் தேய்ந்திருந்தன என்பதை அவளே கண்டுபிடித்து மாற்றிக்கொண்டாள்.

அதேபோல் எனக்குப் பிடிக்காத இன்னொரு பதில், ‘இதுகூடத் தெரியாமல் ஏன் படகு வாங்கினாய்’ என்பது. எல்லோரும் ஒரு நாள் தெரியாமல்தான் இறங்கினார்கள். பயந்து திரும்பிப் போகிறவர் பத்திரமாக இருப்பார் என்று நினைப்பதும் தவறு. அவர் யாரிடமும் கேட்காமல் போய் இறங்குவார், அதுதான் ஆபத்து. கேள்வி எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், முதலில் கேட்டதற்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு எந்த நிலையில் அந்த எண் மாறும் என்பதைச் சொல்லி, கதையைக் கடைசியில் வைத்துக்கொண்டால் போதும். கேட்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: படகின் நீளம், எஞ்சின், போகும் இடம், அங்குள்ள ஆழம், கடலடி, மாதம் ஆகியவற்றைக் கேள்வியோடு சேர்த்துச் சொல்லிவிட்டால், எதிர்க்கேள்விகளில் பாதி குறைந்துவிடும். மீதி பாதியைக் குறைக்க யாராலும் முடியாது, குறைக்கவும் வேண்டாம்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நான் எந்த வாக்குவாதத்தையும் அனுமதிப்பதில்லை. எந்த லைஃப் ஜாக்கெட் வாங்கலாம் என்று கேட்டால், “நாற்பது வருஷமா கடலுக்குப் போறேன், ஒரு நாள் போட்டதில்ல” என்று சொல்ல எல்லாக் கரையிலும் ஒருவர் இருப்பார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு அவருடையது. ஆனால் கேட்பவர் ஐடி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில் போட வருகிறவர். ஆகவே அந்த நாற்பது வருஷக்காரர் பேசத் தொடங்கும் முன் நான் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கெட்டின் உட்பக்கத்தில் 50, 100, 150 என்று எண் போட்டிருக்கும். அது எவ்வளவு விசையோடு உங்களைத் தூக்கிப் பிடிக்கும் என்பதற்கான அளவு. 50 என்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கு, உதவி பக்கத்திலேயே இருக்கும் இடத்துக்கு. முட்டுக்காடு போன்ற உப்பங்கழிக்கு 100. திறந்த கடலுக்குப் போவதென்றால் 150. நினைவு தவறினாலும் முகத்தை வானம் பார்க்கத் திருப்பிவிடும் வகையில் அது செய்யப்பட்டிருக்கிறது, மேலே அணிந்திருக்கும் கனமான உடை அதைத் தடுக்கக் கூடும். உயரத்தைப் பார்க்காமல் உடல் எடையைப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகளுக்கு வாங்கும்போது, வளர்ந்து போட்டுக்கொள்ளட்டும் என்று பெரியதாக எடுக்காதீர்கள். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மேலே வந்து பிள்ளை கீழே நழுவிவிடும், ஆகவே கால்களுக்கு நடுவே மாட்டும் பட்டை உள்ளதாகக் கேட்டு வாங்கி, கடையிலேயே போட்டுப் பார்த்து, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் வேறு அளவு எடுங்கள்.